இல்லத்தில் உயிர்வளி

பிராணவாயு என நம் முன்னோர் எழுதியதனையே இக்காலத் தமிழறிஞர் உயிர்வளி என்பர். கடைவீதியில் அதன் பெயர் ஆக்சிஜன். 1774-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், இங்கிலாந்து தேசத்துப் போதகராகிய ஜோசப் பிரீஸ்ட்லி என்பார், செந்நிறப் பாதரசப் பொடியைச் சூரிய ஒளி குவிக்கும் கண்ணாடியாற் சூடேற்றி இவ்வளியைப் பிரித்தெடுத்தார். அதனுள் இட்ட மெழுகுதிரி முன்னினும் பேரொளியுடன் எரிந்தது. உயிரைக் காக்கும் வளியே நெருப்பையும் வளர்க்குமென்பது அக்காலத்தே புலனாயிற்று.

2021-ஆம் ஆண்டுக் கொரோனாவின் இரண்டாம் அலையிலே, மருத்துவசாலைகளில் இடமின்மையால், கான்சன்ட்ரேட்டர் என்னும் உயிர்வளிப் பொறி நம் நாட்டு இல்லங்கள் பலவற்றுட் புகுந்தது. அலை தணிந்தது, பீடியாலும் அடுப்புப் புகையாலும் நுரையீரல் பழுதுற்றோர்க்கு அது பின்னும் வேண்டப்படுகின்றது. 1980, 1981-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆராய்ச்சிகளின் பயனாக, குருதியில் உயிர்வளி மிகக் குன்றிய இந்நோயாளர் நாளொன்றுக்கு 15 மணிக்குக் குறையாது அதனைப் பெறின் ஆயுள் நீளுமெனத் தெளிந்தனர். அத்துணை நேரமும் வீட்டார் யாவரும் அப்பொறியோடு குடித்தனம் நடத்தவேண்டும்.

வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளை எண்ணிப் பார்ப்போம். திண்ணையிலே பீடி சுற்றுவோர். கூடத்திலே காலணியின் மேற்றோலைக் கையால் தைக்கும் பெண்டிர். அடுத்த குடித்தனத்தில் விறகடுப்பு. ஒரு வீட்டில் ஜெபத்திற்கு மெழுகுதிரி, மற்றொன்றிற் குத்துவிளக்கு, பிறிதொன்றிற் சாம்பிராணி. இவற்றையெல்லாம் ஒழித்துவிடுக என்று சொல்லப் புகின் கேட்பார் யார்? சுடருக்கும் நோயாளிக்கும் இடையே 3 மீட்டர், அஃதாவது ஏறக்குறையப் பத்தடித் தொலைவு வேண்டும். புகைபிடித்தல் மட்டும் அவ்வறையில் எத்தொலைவிலும் ஆகாது. உயிர்வளி தானே எரிவதன்று. போர்வையிலும் தலைமயிரிலும் தலையணையிலும் ஊறிநின்று சிறுபொறியைப் பெருந்தீயாக்குவது. ஆதலின் குழாயைக் கழற்றியவுடன் அடுப்பங்கரைக்குச் செல்லாது, அரைமணி நேரம் காற்றோட்டத்தில் இருத்தல் வேண்டும்.

தோற்றொழிலாளர்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை உண்டு. எண்ணெய் படிந்த கையால் சிலிண்டரின் வாயையும் ரெகுலேட்டரையும் தொடலாகாது. மிக்க அழுத்தத்தோடு வெளிப்படும் உயிர்வளி பட்டால் எண்ணெய் தானே பற்றக்கூடும். ஒட்டுதற்குரிய சொலூஷன் டப்பாவையும் அவ்வறையிலிருந்து அகற்றுக. மூக்குப் புண்ணுக்கு வாசலின் தடவுவதும் தகாது. நீரிற் கரையும் களிம்பே ஏற்றது.

“அப்பொறி எங்கள் காற்றையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது” என்பது ஒண்டுக்குடித்தனத்தில் எழும் பூசல்களுள் ஒன்று. அஃது உண்மையன்று. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு உயிர்வளி. பொறியானது அறைக்காற்றை உட்கொண்டு, சீயோலைட் என்னும் மணிகளில் நைட்ரஜனைப் பிடித்துவைத்து, உயிர்வளியை நோயாளிக்குத் தந்து, நைட்ரஜனை மீண்டும் அறைக்கே விடுகின்றது. நோயாளியின் வெளிமூச்சிலும் உயிர்வளியின் பெரும்பகுதி திரும்பிவிடுகின்றது. ஆயினும் அறைக்காற்றே அதன் உணவாதலின், புகையற்ற இடத்தில், சுவரினின்று ஓரடி விலக்கி வைத்து, வடிகட்டியை வாரந்தோறும் கழுவுதல் வேண்டும்.

நெருப்பினும் யாம் மிகுதியாக அஞ்சுவது ஒன்றுண்டு. அது வீட்டாரின் அன்பு. பாட்டனார்க்கு மூச்சு வாங்குகின்றது. பேரன் எழுந்து திருகைத் திருப்பி இரண்டு லிட்டரை ஐந்தாக்குகின்றான். நாட்பட்ட நுரையீரல் நோயுடையார் சிலர்க்கு மிகையான உயிர்வளி, கரியமிலவாயுவைக் குருதியில் தேங்கச்செய்து, மயக்கத்தையும் மரணத்தையும் விளைக்கும். அதனாலன்றோ மருத்துவர் அவர்க்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரை என எல்லை வகுக்கின்றனர்! காலைத் தலைநோவும் தெளியாத உறக்கமும் அதன் அறிகுறிகள். பேரன் திருகைத் தொடாமல், குழாய் மடங்கியதோ கழன்றதோ எனப் பார்த்து, உடனே மருத்துவரை அழைக்கக் கடவன்.

இனி, மின்சாரம். ஐந்து லிட்டர்ப் பொறி ஏறக்குறைய 350 வாட் கொள்ளும். நாளொன்றுக்கு 15 மணி ஓடின் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதத்தில் 300 யூனிட்டைக் கடக்கும். பொது மீட்டர் உள்ள வீட்டில் இது பெரும் பூசலுக்கு வித்து. பூசல் முற்றி ஒருவர் சுவிட்சை அணைத்துவிட்டால் என்னாகும்? பொறி வந்த அன்றே யாவரும் கூடி, செலவை இன்னார் ஏற்பதென முடிவுசெய்தல் நலம். மின்தடைக்கெனச் சிறு சிலிண்டர் ஒன்றை நிமிர்த்திச் சங்கிலியாற் கட்டிவைத்தல் வேண்டும். அதனைத் திறக்க இருவரேனும் அறிந்திருக்கவேண்டும். அவருள் ஒருவர், பகலில் தொழிற்சாலைக்குச் செல்லாது வீட்டில் இருப்பவராதல் வேண்டும்.