தஹப் போறீங்களா? கடைசி நாளிலிருந்து பிளான் பண்ணுங்க

ஃபைனல் இயர் முடிஞ்சதும் கேங்கா எங்கேயாவது போகணும்னு எல்லா ஹாஸ்டல் ரூமிலும் ஒரு பேச்சு ஓடும். அதில் பாதி கோவாவிலேயே நின்றுவிடும், மீதி வாட்ஸ்அப் குரூப்பிலேயே நின்றுவிடும். ஆனால் உங்க கேங்கில் சிலர் புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா டைவிங் கற்று, கையில் ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு "அடுத்து எங்கடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இடம் எகிப்து. சினாய் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், ஷர்ம் எல் ஷேக் விமான நிலையத்திலிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தஹப் என்ற சின்ன ஊர். அரபியில் தஹப் என்றால் தங்கம். ஒரு பக்கம் அகபா வளைகுடா, மறுபக்கம் ஒரு புல்கூட இல்லாத பாலைவன மலை.

இப்படி ஒரு வறண்ட இடத்தில் ஏன் போய் டைவ் அடிக்கணும்? வறட்சிதான் காரணம். ஆறு எதுவும் வந்து கலப்பதில்லை, மழை அபூர்வம், அதனால் கடலுக்குள் சேறு வருவதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. பவளப்பாறை கரையிலிருந்தே ஆரம்பிக்கிறது. படகு வேண்டாம். ஜீப்பில் போய், கரையில் உடை மாற்றி, நடந்தே கடலில் இறங்கலாம். ஜீப் போகாத இடங்களுக்கு ஒட்டகத்தின் மேல் சிலிண்டரைக் கட்டி எடுத்துப் போகிற வழக்கமும் இங்கே உண்டு. மாணவர் பட்ஜெட்டுக்குப் படகுச் செலவு இல்லை என்பதே பெரிய விஷயம்.

ஹோட்டல், சாப்பாடு, ரீல்ஸ் எடுக்கிற இடம் எல்லாம் நீங்களே தேடிக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சிக்கலைப் பற்றி. அது எந்த டிக்கெட் ஆப்பிலும் வராது.

தஹப் போகிற பெரும்பாலானோர் இன்னொரு இடத்துக்கும் போவார்கள்: சினாய் மலை. மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்ற இடம் என்று நம்பப்படுகிற மலை. உயரம் 2,285 மீட்டர். இரவு பத்து, பதினொன்றுக்குத் தஹபில் வேன் ஏறினால், நள்ளிரவு தாண்டி அடிவாரம். ஒட்டகப் பாதையில் இருட்டில் ஏறி, கடைசியில் 750 படிகள். மேலே சூரிய உதயம். இறங்கி வந்து செயின்ட் கேத்தரின் மடத்தைப் பார்த்துவிட்டு மதியம் தஹப் திரும்பலாம். அருமையான பயணம், சந்தேகமே இல்லை.

இப்போது ஒரு சராசரி கேங்க் எப்படித் திட்டம் போடும் பாருங்கள். "கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஒரு நாள் கேப் விடணும்னு கோர்ஸ்ல சொன்னாங்க. அந்த நாள் சும்மாதானே இருக்கு? மலைக்குப் போயிடலாம்." கேட்க ரொம்ப எஃபிஷியன்ட்டா இருக்கு. கடைசி டைவ் மாலை மூன்று மணிக்கு, இரவு பதினொன்றுக்கு வேன். ஆபத்தே இந்த எஃபிஷியன்ட் திட்டத்தில்தான்.

அந்த கேப் எதற்கு என்பதை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். தண்ணீருக்கு அடியில் அதிக அழுத்தத்தில் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் கரைந்து ரத்தத்திலும் திசுக்களிலும் சேர்கிறது. மேலே வந்தபின் மெதுவாக வெளியேறுகிறது. அது முழுசா வெளியேறும் முன் வெளி அழுத்தத்தை இன்னும் குறைத்தால், சோடா பாட்டில் மூடியைத் திறந்த கதைதான். குமிழ்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், பலவீனம், மோசமானால் பக்கவாதம் வரை போகும். விமானத்தில் ஏறக்கூடாது என்பது இதனால்தான். உடம்புக்கு விமானம் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டும்.

கணக்கைப் போடுங்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். விமான கேபினுக்குள் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. அதாவது ஏறக்குறைய 76 கிலோபாஸ்கல். சினாய் மலை உச்சியில்? ஏறக்குறைய 77. விமானத்தில் உட்கார்வதும் மலை உச்சியில் நின்று செல்ஃபி எடுப்பதும் உங்க திசுக்களுக்கு ஒண்ணுதான். மேலே ஏறவேண்டாம், கீழே மடத்தை மட்டும் பார்க்கலாம் என்றாலும் செயின்ட் கேத்தரின் ஊரே 1,586 மீட்டர் உயரம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் "டைவுக்குப் பிறகு பறக்காதே" வழிகாட்டுதல் 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும்.

அந்த வழிகாட்டுதல் இதுதான். டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். பல டைவ்கள், பல நாட்கள் என்றால் குறைந்தது 18. நிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் 18ஐ விட நன்றாகவே அதிகம். சுலபமாக நினைவில் வைக்க 24 என்று பழகிக்கொள்வது நல்லது.

ஏன் 12, ஏன் 18? உங்க இரண்டாம் செமஸ்டர் ஆர்.சி. சர்க்யூட்டை எடுங்கள். கபாசிட்டர் சார்ஜ் ஆவது மாதிரிதான் திசுக்கள் நைட்ரஜனை ஏற்றிக்கொள்கின்றன, டிஸ்சார்ஜ் ஆவது மாதிரி விடுகின்றன. ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மன் உருவாக்கிய மாடலில் உடம்பு 16 கற்பனைப் பெட்டிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அரை-நேரம். வேகமானதுக்குச் சில நிமிஷம், மிக மெதுவானதுக்கு 635 நிமிஷம். இன்று பல டைவ் கம்ப்யூட்டர்களுக்குள் ஓடுவது இந்தக் குடும்பத்துக் கணக்குதான்.

ஒரே டைவில் மெதுவான பெட்டி பெரிதாக நிரம்பாது. ஆனால் நாலு நாள், தினம் ரெண்டு மூன்று டைவ் என்றால்? முழுசா டிஸ்சார்ஜ் ஆகும் முன்னாலேயே அடுத்த பல்ஸ் வருகிறது. படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். இப்போது 635 நிமிஷ அரை-நேரத்தை வைத்துப் பாருங்கள். கடைசி டைவ் முடிந்து 10 மணி நேரத்தில், அதாவது நம்ம கேங்க் இரவு ஒரு மணிக்கு மலை அடிவாரத்தில் நிற்கும்போது, அந்தப் பெட்டியில் கூடுதலாகச் சேர்ந்த நைட்ரஜனில் 52 சதவீதம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. 18 மணி நேரத்தில் 31 சதவீதம். 24 மணி நேரத்தில் 21. பூஜ்யம் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த எண்களெல்லாம் ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. வழிகாட்டுதல் நேரங்களும் சூத்திரத்தை மட்டும் நம்பி வந்தவை இல்லை. ஆட்களைச் சேம்பரில் வைத்துச் சோதித்த முடிவுகளும் அவற்றின் பின்னால் இருக்கின்றன.

இன்னொரு பயமும் உண்டு, அது கணக்கில் வராது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் 750 படி ஏறினவனுக்கு முட்டி வலிக்கத்தானே செய்யும்? களைப்பாகத்தானே இருக்கும்? டிகம்ப்ரஷன் நோயின் முதல் அறிகுறிகளும் இவைதான். கூட இருக்கிறவன் "ஜிம்முக்குப் போடா" என்று கலாய்த்துக்கொண்டிருப்பான். செய்ய வேண்டிய முதலுதவியோ சுத்தமான ஆக்சிஜனும், அழுத்தச் சேம்பர் இருக்கிற இடத்துக்கு உடனே கிளம்புவதும். உச்சியிலிருந்து வண்டிக்கே மணிக்கணக்கில் நடக்கணும்.

அப்போ மலையை விட்டுவிடுவதா? வேண்டாம். இடத்தை மாற்றுங்கள். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பேப்பரில் பேக்வேர்ட் பாஸ் என்று ஒன்று படித்திருப்பீர்களே, அதை நிஜமாகவே பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம். ஒன்பதாம் நாள் மதியம் ஷர்மிலிருந்து ஃப்ளைட் என்று வையுங்கள். அங்கிருந்து பின்னால் வாருங்கள். எட்டாம் நாள் டைவ் கிடையாது, கடல்மட்டத்திலேயே இருக்கணும். தூங்கலாம், மேலாக ஸ்நார்க்கல் பண்ணலாம், மீன் சாப்பிடலாம். நாலு முதல் ஏழு வரை டைவ் நாட்கள். மூன்றாம் நாள் மலையிலிருந்து திரும்பி ஓய்வு. இரண்டாம் நாள் இரவு மலை. முதல் நாள் வந்து சேர்வது.

மலையைக் கடைசியில் வைத்து, முன்னால் ஒரு முழு நாள் உலர் நாள் விட்டாலும் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனாலும் முதலில் வைப்பதையே நான் சிபாரிசு செய்வேன். தஹபில் காற்று பலமாக அடிக்கும், கைட் சர்ஃபிங் ஆட்கள் அங்கே குவிவதே அதனால்தான். காற்றால் ஒரு டைவ் நாள் போனால் அதை அடுத்த நாளுக்குத் தள்ளச் சொல்லும் மனசு. மலை கடைசியில் இருந்தால் அந்தத் தள்ளல் நேராக உலர் நாளைத்தான் தின்னும். முதலில் ஏறிவிட்டால் அந்தத் தொல்லை பாதி குறையும். தவிர, எகிப்து நேரம் நமக்கு இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் பின்னால். முதல் இரண்டு நாள் உடம்பு இந்திய நேரத்தில் ஓடுவதால், அங்கே நடுராத்திரியில் விழித்திருப்பது நமக்கு விடிகாலையில் எழுந்த மாதிரிதான். ஹாஸ்டல்காரர்களுக்கு அதுவும் கஷ்டம்தான், தெரியும்.

அடுத்து ப்ளூ ஹோல். தஹப் என்றாலே எல்லாரும் கேட்பது இதைத்தான். பாறைத்திட்டுக்குள் கிணறு மாதிரி இறங்கும் ஒரு குழி, ஆழம் சுமார் 100 மீட்டர். சான்றிதழ் உள்ளவர்கள் வழக்கமாகச் செய்வது, பக்கத்தில் பெல்ஸ் என்ற பிளவு வழியாக வெளிக்கடலில் இறங்கி, பாறைச் சுவரை ஒட்டி மிதந்து வந்து, ஆறேழு மீட்டர் ஆழத்தில் இருக்கிற மேடையைத் தாண்டிக் குழிக்குள் நுழைந்து முடிப்பது. அழகான டைவ். பெல்ஸ் பிளவு 18 மீட்டருக்குக் கீழே போகும் என்பதால் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மட்டும் போதாது, அட்வான்ஸ்டு வேண்டும்.

ஆனால் குழியையும் வெளிக்கடலையும் இணைக்கும் ஒரு வளைவு கீழே இருக்கிறது. அதன் கூரையே 55 மீட்டர் ஆழத்தில். தண்ணீர் தெளிவாக இருப்பதாலும் மறுபக்கத்திலிருந்து வெளிச்சம் வருவதாலும் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். அதை நம்பிப் போய் இறந்தவர்களுக்கான நினைவுப் பலகைகள் கரையில் பாறைமேல் பதித்திருக்கின்றன. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பார் ரிசர்வ் போக 1,800. நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 18 மீட்டரில், 2.8 பார் அழுத்தத்தில், 56 லிட்டர் செலவழிப்பார், அதாவது 32 நிமிஷம். 55 மீட்டரில் 130 லிட்டர். 14 நிமிஷம்கூட இல்லை, அதுவும் இறங்குவதையும் ஏறுவதையும் கணக்கில் எடுக்காமல். கூடவே அந்த ஆழத்தில் நைட்ரஜன் போதை, குடித்தவன் வண்டி ஓட்டுகிற நிலைமை. வாட்ஸ்அப் குரூப்பில் எவனாவது "ஆர்ச் டச் பண்ணிட்டு வந்துடலாம்" என்றால் அவனை நீச்சல்குளத்துக்கு அனுப்புங்கள்.

ஈயக் கட்டி விஷயம் சுருக்கமாக. ஆவியாதல் அதிகம் என்பதால் இந்த வளைகுடாவில் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேல் உப்பு. சாதாரணக் கடலில் 35. ஆர்க்கிமிடீஸ் சும்மா விடுவாரா? நீங்களும் சாமானும் சேர்ந்து 100 லிட்டர் இடம் அடைத்தால், குளத்தில் பயிற்சி எடுத்தபோது இருந்ததைவிட ஏறக்குறைய 3 கிலோ கூடுதல் ஈயம் வேண்டும். முதல் டைவை ஆழமில்லாத லைட்ஹவுஸ் பகுதியில் வைத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? அக்டோபர், நவம்பர் சொர்க்கம், ஆனால் அப்போ நமக்கு செமஸ்டர். டிசம்பர் விடுமுறையில் தண்ணீர் 22, 23 டிகிரிக்கு இறங்கும், 5 மில்லிமீட்டர் வெட்சூட் வேண்டும், மலை உச்சியில் உறைபனிக் குளிர். மே, ஜூனில் கடல் சுகம், கரையில் அடுப்பு. வறண்ட காற்றும் சிலிண்டரின் உலர்ந்த காற்றும் சேர்ந்து உடம்பின் தண்ணீரை உறிஞ்சும். நீரிழப்பு டிகம்ப்ரஷன் ஆபத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. எந்த சீசனிலும் பாட்டில் கையிலேயே இருக்கட்டும்.

பேப்பர் வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: இன்ஷூரன்ஸ். சாதாரண டிராவல் பாலிசி பலவற்றில் ஸ்கூபா விலக்காக இருக்கும், அல்லது ஆழ வரம்பு இருக்கும். சேம்பர் சிகிச்சை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். டைவ் சென்டருக்கு மெயில் போடும்போதே, இப்போது இயங்குகிற பக்கத்துச் சேம்பர் எது, கரையில் ஆக்சிஜன் வைத்திருக்கிறீர்களா என்ற ரெண்டு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். நேராகப் பதில் வராத இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள். சினாய்க்கு வெளியுறவுத் துறையின் பயண எச்சரிக்கை என்ன சொல்கிறது என்றும் பாருங்கள், பாலிசி செல்லுமா என்பது அதையும் பொறுத்தது. விசாவை இந்தியாவிலேயே முடித்துவிடுங்கள். சில நாட்டவர்களுக்கு ஷர்மில் இறங்கியதும் தருகிற சினாய் முத்திரையை நம்பிக் கிளம்ப வேண்டாம். வழியில் செக்போஸ்ட்கள் உண்டு, பாஸ்போர்ட் பையின் அடியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எல்லாம் முடிவானதும் குரூப்பில் முதலில் பின் பண்ண வேண்டியது ஹோட்டல் லிங்க் இல்லை. ஃப்ளைட் நேரமும், அதிலிருந்து 24 மணி நேரம் கழித்து வருகிற "இதுக்கப்புறம் யாரும் தண்ணிக்குள்ள இல்ல" என்ற நேரமும்.