விதைக்கு வேப்பெண்ணெய்



நீங்கள் விற்கும் பயறும் உழுந்தும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளைச் சேர்ந்தபின் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சுகின்றன. தென்மேல் பருவமழை தொடங்கியதும் சாக்கை அவிழ்த்தால் பூஞ்சண மணம் வீசும். உங்கள் வீட்டு விதைப்பானையிலும் இதுவே நிகழ்கிறது. விதையாயின் முளை கெடும். உணவாயின் நஞ்சாகவுங் கூடும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சம் வான்கோழிகள் மாண்டதற்குப் பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கே காரணமெனக் கண்டறியப்பட்டது. அந்நஞ்சின் பெயர் அஃபிளாடொக்சின். 2021இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயிலும் அது காணப்பட்டது. சமைப்பதால் அது முற்றாக அழிவதில்லை.

சில வித்துக்களின் எண்ணெய் பூஞ்சணத்தைத் தடுக்க வல்லது. முழுக் கடுகில் நெடி இல்லை; அரைத்து நீர் பட்டதும் அதிலுள்ள நொதியம் வேலைசெய்து, மூக்கிலேறும் ஆவியெண்ணெயைப் பிறப்பிக்கிறது. பூஞ்சணத்துக்கு அது பகை. அச்சாற்றிற் கடுகு சேர்வது சுவைக்கு மட்டுமன்று. எனினும் அங்கே உப்பும் வினாகிரியுமே பெருங்காவல்.

விதைக்கு ஏற்றது வேப்பெண்ணெய். அது பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும். வண்டின் முட்டையை மூடி மூச்சடைக்கச் செய்யும். பயறு, உழுந்து, கௌபி, பயற்றங்காய் விதைகளை, கடித்தால் படக்கென உடையும்வரை வெயிலிற் காயவிடுங்கள். நிழலில் ஆறவைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், எண்ணெய் விட்டுக் கையாற் பிசறி, உலர்ந்த போத்தலில் இறுக மூடுங்கள். அளவு மிஞ்சினால் முளைதிறன் குன்றும்.

எண்ணெய் இருக்கிறதே என்று ஈர விதையைத் தகரத்தில் அடைத்து, விதைப்புக் காலத்தில் வெறுங்கையோடு நின்றவர்களை நாம் கண்டிருக்கிறோம். எண்ணெய் உலர்த்தலுக்கு ஈடாகாது. விதைநெல்லுக்கு எண்ணெயை நாடாமல், ஈரப்பதனை 13 சதவீதத்துக்குக் குறைப்பதிலேயே கருத்தாயிருங்கள்.

வேப்பெண்ணெய் பூசிய விதையை உண்ணலாகாது. சிறு குழந்தைகளுக்கு அவ்வெண்ணெய் ஆபத்தானது. போத்தலில் ‘விதை’ என்று எழுதி ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். விதைக்குமுன் நூறு விதைகளை ஈரச் சாக்கிற் சுற்றிவைத்து முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். முன்னரே பூஞ்சணம் பிடித்த மணியிலுள்ள நஞ்சை எந்த எண்ணெயும் நீக்காது. அதைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடாது, குழியிலிட்டுப் புதைத்துவிடுங்கள்.