டயரில் ஒரு சிறு வெட்டு

பின்வரும் பகுதியை வாசித்துக் கருத்துணர்ந்திடுக.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. மறுநாள் காலையில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்படத் திட்டமிட்டிருந்தோம். அங்கு அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்மா பலகாரங்களை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் அப்பாவோடு சேர்ந்து காரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

முன்பக்க இடது டயரைத் துடைத்தபோது அதன் பக்கச்சுவரில் ஒரு நீண்ட கீறல் தெரிந்தது. என் உள்ளங்கை அளவு நீளம் இருக்கும். அதற்குச் சற்றுத் தள்ளி, விரல் நகத்தின் அளவில் ஒரு சிறு வெட்டும் இருந்தது. அப்பாவை அழைத்துக் காட்டினேன். சென்ற வாரம் சந்தைக்கு அருகில் காரை நிறுத்தியபோது, சாலையோரக் கல்லில் டயர் மோதி உரசியது அவர் நினைவுக்கு வந்தது.

“அந்தச் சின்ன வெட்டு ஒன்றுமில்லை. இந்த நீளக் கீறல்தான் யோசிக்க வைக்கிறது. ஆனாலும், காற்று கொஞ்சமும் இறங்கவில்லையே! போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்,” என்றார் அப்பா.

வாசற்படியில் அமர்ந்திருந்த பாட்டி விடவில்லை. “பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறாய். பட்டறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாப்பா,” என்றார்.

பட்டறை உரிமையாளர் காரை உயர்த்தி, அந்த டயரைக் கழற்றினார். சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, விளக்கொளியில் பார்த்தார். நீண்ட கீறலின் மீது விரலை ஓட்டிவிட்டு, “இது வெறும் உரசல். மேல் ரப்பர் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. இதனால் ஆபத்தில்லை,” என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது.

பிறகு அவர் அந்தச் சிறு வெட்டை மெல்ல விரித்துக் காட்டினார். உள்ளே மெல்லிய நூலிழைகள் தெரிந்தன. அவற்றுள் சில அறுந்திருந்தன. “அண்ணே, இந்த டயரை இனிப் பயன்படுத்தக் கூடாது,” என்றார் அவர்.

எனக்கு வியப்பாக இருந்தது. பெரிய கீறல் பாதுகாப்பானது. சிறிய வெட்டு ஆபத்தானதா? அவரிடமே கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

டயரில் தரையைத் தொடும் பகுதி தடித்தது. அதன் ரப்பருக்கு அடியில் எஃகு இழைப் பட்டைகள் உள்ளன. பக்கச்சுவரோ மெல்லியது. பெரும்பாலான கார் டயர்களில் அங்கு எஃகுப் பட்டை இல்லை. பாலியெஸ்டர் போன்ற நூலிழைகள் அடுக்கப்பட்டு, அவற்றின் மீது ரப்பர் பூசப்பட்டிருக்கும். காற்றைக் கசியவிடாமல் காப்பது உட்புற ரப்பர். காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூலிழைகள். அதனால்தான், இழைகள் அறுந்த பின்னும் காற்று இறங்காமல் இருக்கலாம். காற்று இருப்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

“அப்படியென்றால் ஒட்டுப் போட்டுக் கொடுங்களேன்,” என்றார் அப்பா.

“தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்தினால், துளை சிறியதாக இருந்தால் ஒட்டலாம். பக்கச்சுவர் ஓயாமல் வளைகிற இடம். அங்கே ஒட்டு நிலைக்காது, அறுந்த இழையும் மறுபடி சேராது,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, இந்த டயர் ஒருமுறை சுற்றினால் கார் ஏறக்குறைய 1.9 மீட்டர் நகரும். கோலாலம்பூர் இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். எத்தனை சுற்று வரும்?”

கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்து ஐயாயிரத்தைத் தாண்டியது! ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெட்டு இருக்கும் இடம் ஒருமுறை வளைந்து நிமிரும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மீதமுள்ள இழைகளும் அறுந்தால் டயர் வெடித்துவிடும். காரைக் கட்டுப்படுத்துவது கடினம். அப்பா பேசாமல் நின்றார்.

மாற்று டயரைப் பொருத்தலாமா என்று அவர் கேட்டார். உரிமையாளர் அதன் பக்கச்சுவரைக் காட்டினார். அதில் 1412 என்னும் எண் இருந்தது. அது 2012ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பயன்படுத்தாமலே பழையதாகி, ரப்பரில் வெடிப்புகள் விழுந்திருந்தன.

மற்ற டயர்களையும் அவர் சோதித்தார். பின்பக்க டயர் ஒன்றில் ஓரிடம் இலேசாக உள்வாங்கி இருந்தது. “இது இழைகளை இணைத்த இடம்; பழுது இல்லை. ஆனால், இதே இடம் வெளியே புடைத்திருந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். புடைப்பு எவ்வளவு சிறியதானாலும் அந்த டயரில் ஓடக் கூடாது,” என்றார்.

புது டயருக்கு 220 வெள்ளி ஆகும் என்றார். அத்தை மகளுக்குப் பரிசு வாங்க அப்பா ஒதுக்கி வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். சிறிது நேரம் யோசித்தார். “மாற்றிவிடுங்கள்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைப் பாட்டியிடம் கூறினேன். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர்.

“பால்மரமும் அப்படித்தான் அம்மா. பட்டையில் எவ்வளவு நீளமாகக் கோடு போட்டாலும் மரம் தாங்கும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது. காயத்தின் நீளத்தைப் பார்க்காதே; ஆழத்தைப் பார்,” என்றார்.

மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எங்கள் பரிசு சிறியதாக இருந்தது. “நீங்கள் எல்லாரும் நல்லபடியாக வந்ததே போதும்,” என்றார் அத்தை. அப்பா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கருத்துணர் வினாக்கள்

1. நீண்ட கீறல் பாதுகாப்பானது என்றும் சிறு வெட்டு ஆபத்தானது என்றும் பட்டறை உரிமையாளர் கூறியதற்குக் காரணம் யாது?
2. டயரில் காற்று இறங்காததை மட்டும் கொண்டு முடிவெடுப்பது ஏன் தவறு?
3. பக்கச்சுவரில் உள்வாங்கிய இடத்திற்கும் புடைப்பிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. ‘காயத்தின் நீளத்தைப் பார்க்காதே, ஆழத்தைப் பார்.’ பாட்டியின் இக்கூற்று வாழ்க்கையின் வேறெந்தச் சூழலுக்குப் பொருந்தும்? உன் கருத்தை எழுதுக.