எங்கிருந்து வந்தது? துதியும் ஆராதனையும்

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் சில வருடங்களாக ஆராதனை தொடங்குவதற்கு முன்பு அரை மணி நேரம் 'துதி வேளை' நடக்கிறது. கீபோர்டு, டிரம்ஸ், நிறுத்தாமல் பாட்டுமேல் பாட்டு. "துதித்தால் தேவ பிரசன்னம் இறங்கும்" என்கிறார்கள் வாலிபர்கள். "இது நம்ம பழக்கமே கிடையாதே" என்கிறார்கள் பெரியவர்கள். இது எங்கே, எப்போது ஆரம்பித்தது? (நாசரேத் வாசகி)

துதிக்கு வயது சொல்ல முடியாது. எருசலேம் ஆலயத்துப் பாடகர்கள் 288 பேர் என்று நாளாகமம் கணக்கே கொடுக்கிறது. சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணிய நாளில் பூரிகை ஊதியவர்களும் பாடகர்களும் ஒரே குரலாய்த் துதித்தபோது, மேகம் வந்து நிரம்பி, ஆசாரியர்கள் நின்று ஊழியம் செய்ய முடியாமல் போனதாகவும் அதே புத்தகம் சொல்கிறது. வாலிபர்கள் கையில் பலமான வசனம் இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால், "முதலில் துதி, பிறகு பிரசன்னம்" என்பதை ஒரு உபதேசமாகவே ஆக்கி, அதன்மேல் ஆராதனையைக் கட்டும் வழக்கத்துக்கு ஊரும் தேதியும் உண்டு. கனடாவின் மேற்குக் கோடியில் அபட்ஸ்ஃபோர்டு என்கிற ஊர், 1946 ஜனவரி. ரெக் லேஸெல் என்பவர் அங்குள்ள பெந்தெகொஸ்தே சபையில் ஒரு வாரக் கூட்டங்களுக்குப் பிரசங்கியாராக வந்திருந்தார். முழுநேர ஊழியக்காரர் இல்லை, வியாபாரி. கூட்டம் எடுபடவில்லை. பேசுகிறவருக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவே சுவர் எழுப்பினாற்போல் இருந்தது. மனம் நொந்தவர் வாரத்தின் நடுவில் ஒரு நாள் முழுக்க ஆலயத்துக்குள்ளேயே இருந்து, இடம் மாறி இடம் மாறித் தேவனைத் துதித்துக்கொண்டே இருந்தார். அப்போது அவருக்குள் வந்து உட்கார்ந்தது சங்கீதம் 22:3. இஸ்ரவேலின் துதிகளுக்குள்ளே தேவன் வாசம்பண்ணுகிறார் என்கிற கருத்துள்ள வசனம். அன்று இரவுக் கூட்டம் வேறு மாதிரி இருந்தது. மீதி ஆயுசு முழுவதும் லேஸெல் இந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்: உற்சாகம் வருகிறவரை காத்திருக்காதே, வறட்சியாக இருந்தாலும் துதி, அவர் வருவார்.

1948-இல் கனடாவின் நார்த் பேட்டில்ஃபோர்டில் 'பின்மாரி' எழுப்புதல் கிளம்பியது. அது போன இடமெல்லாம் இந்த உபதேசமும் போனது. பின்னால் வந்தவர்கள் இதற்கு ஒரு வரிசையும் போட்டுக் கொடுத்தார்கள். சங்கீதம் 100 வாசலில் நன்றியோடும் பிராகாரத்தில் புகழ்ச்சியோடும் நுழையச் சொல்கிறது அல்லவா? அந்தப் படியே, முதலில் கை தட்டிப் பாடும் நன்றிப் பாட்டு, அப்புறம் துதிப் பாட்டு, கடைசியில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவதுபோல் வேகம் குறைந்த ஆராதனைப் பாட்டு. உங்கள் சபை டிரம்ஸ்காரர் இருபதாவது நிமிஷத்தில் குச்சியைக் கீழே வைப்பதும், கீபோர்டு மட்டும் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க அதன்மேல் எல்லாரும் அவரவர் வார்த்தையில் ஜெபிப்பதும் இந்த வரிசையின் பேரப்பிள்ளைகள்தாம்.

கிதாரும் டிரம்ஸும் சேர்ந்தது கலிபோர்னியாவில். கோஸ்டா மேசா என்ற ஊரில் சக் ஸ்மித் போதகராக இருந்த கல்வாரி சேப்பலுக்கு ஹிப்பி வாலிபர்கள் வந்து குவிந்தார்கள், தங்கள் இசையோடு. அங்கிருந்து 1971-இல் மரநாதா மியூசிக் பிறந்தது. சின்னதாய்த் தோன்றும் இன்னொரு மாற்றத்தையும் நான் முக்கியமாக நினைக்கிறேன்: ஓவர்ஹெட் புரொஜெக்டர். பாட்டு சுவருக்குப் போனதும் புத்தகம் பிடித்திருந்த கைகள் காலியாயின. குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. கை உயர்த்திப் பாடுவது பரவியதில் அந்தக் கண்ணாடித் தாள்களுக்கும் பங்கு உண்டு.

தமிழில் இதற்கெல்லாம் நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது. சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் 1920-களிலேயே கொழும்பில் தொடங்கிவிட்டது. சாராள் நவரோஜியின் பாட்டுகளும், பிற்பாடு தந்தை பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' கேசட்டுகளும் சபை வித்தியாசம் பார்க்காமல் வீடுகளுக்குள் நுழைந்தன. உங்கள் சபைப் பெரியவர்களுக்கு ஒரு செய்தி: லேஸெலின் அபட்ஸ்ஃபோர்டு வாரம், தென்னிந்தியத் திருச்சபை உருவானதற்கு ஒரு வருடம் மூத்தது.

கேள்வி: ஆராதனையில் எனக்குக் கண்ணீர் வந்துவிடும். "அது தேவ பிரசன்னம் இல்லை, மியூசிக் செய்கிற வேலை" என்கிறான் என் மகன். இந்தச் சந்தேகம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் வருமா? (தூத்துக்குடி வாசகி)

உங்கள் மகன் நல்ல துணையோடுதான் இருக்கிறான். அவனுக்கு 1,600 வருஷம் முன்பே இதே கேள்வியால் அவஸ்தைப்பட்டவர் பரிசுத்த அகுஸ்தீன்.

386-ஆம் வருஷம், இத்தாலியின் மிலான் நகரம். தேவாலயம் ஒன்றை, கிறிஸ்து பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுவின் கொள்கைக்காரர்களுக்கு ஒப்படைக்கச் சொன்னாள் ராஜமாதா யுஸ்தீனா. ஆயர் அம்புரோஸ் மறுத்தார். ராணுவம் சூழ்ந்தது. சனங்கள் ஆயரை விட்டுப் போகாமல் ஆலயத்துக்குள்ளேயே ராத்திரி பகலாகக் காவல் இருந்தார்கள். அவர்கள் சோர்ந்துபோகாதபடி, கிழக்குத் திருச்சபைகளின் வழக்கப்படி சபையார் எல்லாருமே ஞானப்பாட்டும் சங்கீதமும் பாட அம்புரோஸ் வழிசெய்தார். மேற்குச் சபைகளில் அந்த வழக்கம் வேரூன்றியது அந்த முற்றுகையில்தான் என்கிறார் அகுஸ்தீன். உள்ளே காவல் இருந்தவர்களில் அவருடைய தாய் மோனிக்காவும் ஒருத்தி.

அடுத்த வருஷம் உயிர்ப்புப் பண்டிகையில் அகுஸ்தீன் அதே அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அந்த நாட்களில் சபையின் பாட்டைக் கேட்டுத் தாரைதாரையாக அழுததையும், அழுதது நன்றாயிருந்ததையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் ஆயராகி வயதேறியபின் அவருக்கே கலக்கம். அழவைத்தது சொன்ன சொல்லா, பாடிய குரலா? ராகமே வேண்டாம் என்றுகூடச் சில நேரம் நினைத்திருக்கிறார். அலெக்ஸாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, சங்கீதத்தைப் பாட்டென்று சொல்ல முடியாத அளவுக்கு, ஏறக்குறைய வாசிப்பதுபோலவே சொல்லவைத்தாராம். அது அல்லவா பத்திரம் என்று யோசித்தார். பிறகு தன் பழைய கண்ணீரை நினைத்துக்கொண்டு, பாட்டு இருக்கட்டும் என்றார். பொருளைவிடக் குரலே தன்னை அதிகம் அசைத்த நாட்களில் மட்டும், அதைப் பாவமாக அறிக்கையிட்டார். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவன் வாதத்தில் பாதியைத்தான் அகுஸ்தீன் ஏற்பார்.

கேள்வி: பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கர்நாடக இசையில் கீர்த்தனை பாடுவது நம் சபைக்குள் எப்படி வந்தது? (திண்டுக்கல் வாசகர்)

தஞ்சாவூர் வழியாக. ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளைகள் இருவர்: ஒருவர் பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி, மற்றவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அரண்மனையில் கேட்ட இசையும் குறவஞ்சியும் சாஸ்திரியாரின் கையில் 'பெத்லகேம் குறவஞ்சி'யாகவும் நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளாகவும் ஆயின. வாசித்துப் பார்க்கும் பாட்டுகள் இல்லை அவை. தாளத்தோடு கூடிப் பாட, கூடியிருந்து உருக எழுதியவை.

பின்னால் வந்த மிஷனெரிகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. தமிழ்ப் பாட்டை ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள், பண்டிகையில் பூவைத் தடுக்கிறார்கள் என்று கொதித்தார். அதில் நியாயம் இருந்தது. அதே மூச்சில், நற்கருணையில் சாதி பார்க்கக்கூடாது என்று அவர்கள் சொன்னதையும் கொடுமை என்று எதிர்த்தார். அதில் எந்த நியாயமும் இல்லை. கீர்த்தனையைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவது வழக்கம்.

கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் சபைகளுக்கு அச்சிட்டுக் கொடுத்தவர் உங்கள் பக்கத்து அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது.

கேள்வி: 'அல்லேலூயா கோரஸ்' பாடும்போது எழுந்து நிற்கிறோமே, ராஜா நின்றதாலா? (பாளையங்கோட்டை வாசகர்)

ஹேண்டலின் 'மேசியா' லண்டனில் முதலில் பாடப்பட்டது 1743-இல். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் மெய்மறந்து எழுந்தார் என்கிற கதை எழுத்தில் வருவது 1780-இல், அதுவும் ஒருவர் சொல்லக் கேட்ட இன்னொருவரின் கடிதத்தில். சில கோரஸ்களுக்குச் சனங்கள் எழுந்து நின்றதற்கு 1750-களிலேயே சாட்சி உண்டு. ராஜா பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர். ஆகவே உட்கார்ந்தே கேட்டால் குற்றமில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.