சேணத்தைத் தூக்கிப் பார்

ஆடி மாதம். அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா. அங்கே கூடும் குதிரைச் சந்தை பெயர் பெற்றது. கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளும் விற்பனைக்கு வரும்.

கோபிநத்தத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். தங்கை மகனும் கூட வந்தான். பெரியவர் மைசூரில் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர்.

இளைஞனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை பிடித்துவிட்டது.

"மாமா, இதையே வாங்கலாம்" என்றான்.

"சேணத்தைக் கழற்றுங்க" என்றார் பெரியவர்.

வியாபாரி கழற்றினார். முதுகில் புண் இருந்தது.

"பார்த்தாயா? இதன் மேல் ஏறினால் துள்ளும். உன்னைக் கீழே தள்ளும். குற்றம் குதிரை மேல் இல்லை. சேணம் கட்டியவர் மேல்."

பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

சேணம்: நாம் உட்காரும் இடம். முதலில் முதுகைத் துடைக்க வேண்டும். மண், முள் இருக்கக் கூடாது. மடிப்பு இல்லாமல் துணி விரிக்க வேண்டும். அதன் மேல் சேணம் வைக்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு மேடு உண்டு. சேணம் அதை அழுத்தக் கூடாது. இடைவெளி வேண்டும்.

வயிற்று வார்: சேணத்தை இறுக்கிப் பிடிப்பது. வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். ஆகவே நாலு அடி நடத்திவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். வார் தளர்ந்தால் சேணம் சரியும். ஆளும் விழுவார்.

கடிவாளம்: இதன் இரும்பு குதிரையின் வாயில் இருக்கும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடம் உண்டு. அங்கேதான் இரும்பு நிற்கும். வெடுக்கென்று இழுத்தால் வாய் புண்ணாகும்.

லகான்: கையில் பிடிக்கும் வார். திருப்பவும் நிறுத்தவும் உதவும். இதைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. குதிரை ஓடினால் உன்னையும் இழுத்துக்கொண்டு போகும்.

அங்கவடி: கால் வைக்கும் வளையம். பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைக்க வேண்டும். குதிகால் தாழ்ந்து இருக்க வேண்டும். பாதம் முழுவதும் நுழைந்தால், விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து.

"தலைக்கவசமும் போட்டுக்கொள். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்தானா தலை?" என்றார் பெரியவர். இளைஞன் சிரித்தான்.

சட்டமும் குதிரைக்குத் துணை நிற்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதன் கீழ் 1965-ல் விதிகள் வந்தன. முள் வைத்த கடிவாளம் போடக் கூடாது. எலும்பு மேட்டை அழுத்தும்படி சேணம் கட்டக் கூடாது. இவை அந்த விதிகளில் உள்ளன.

அன்று அவர்கள் வெள்ளைக் குதிரையை வாங்கவில்லை. அடுத்த குதிரையிடம் போனார்கள்.

இளைஞனே முந்திக்கொண்டான்.

"அண்ணே, சேணத்தைக் கழற்றுங்க" என்றான்.

பதில் சொல்லுங்கள்

1. குதிரையின் முதுகில் புண் வருவது ஏன்?
2. லகானைக் கையில் ஏன் சுற்றக் கூடாது?
3. உங்கள் வீட்டு மாட்டின் கழுத்தை இன்று பார்த்தீர்களா? நுகத்தடி பட்ட புண் இருக்கிறதா?