மழைக்கு முன் முகட்டைப் பாருங்கள்

எழுமலை, சேடபட்டி, பேரையூர் வட்டாரத்து மானாவாரி விவசாயிகளுக்கு ஆவணியும் புரட்டாசியும் கை ஓயாத மாதங்கள். புஞ்சைக்குக் குப்பை அடிக்க வேண்டும். உழவை முடிக்க வேண்டும். குதிரைவாலி, சோளம், மக்காச்சோளம், பருத்தி விதைகளைத் தயார் செய்ய வேண்டும். இத்தனை வேலைக்கும் நடுவில் குடியிருக்கும் வீட்டின் கூரையை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஐப்பசியில் அடைமழை பிடித்து, குலுக்கையின் மேல் சொட்டுச் சொட்டாக விழும்போதுதான் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் நனைந்த ஓட்டின் மேல் ஏறவும் முடியாது. ஓடு வேயும் ஆளும் கிடைக்க மாட்டார்.

கூரை ஒழுகினால் முதலில் கெடுவது விதை. சேமிக்கும் சிறுதானிய விதையில் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேலும், பயறு விதையில் 9 சதவீதத்துக்கு மேலும் இருத்தல் ஆகாது. நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டிய விதையும் ஓரிரவு ஒழுக்கில் நனைந்தால் சூடேறிப் பூசணம் பிடித்து முளைப்புத்திறனை இழக்கும். இந்தப் பழுது விதைத்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் விதைப்பு ஈரம் போய்விடும். மானாவாரி நிலத்தில் ஒரு பருவம் தவறினால் அடுத்த புரட்டாசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, மண்சுவர். காய்ந்த மண்சுவர் மிகுந்த பாரம் தாங்கும். அதன் தலைப்பகுதியில் நீர் இறங்கி ஊறிவிட்டால் அதே சுவர் தன் பாரத்தையே தாங்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவர் இடிந்து உயிர்ச்சேதம் என்ற செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். அப்படி இடியும் சுவர்களில் பல, ஒரே நாள் மழையில் இடிந்தவை அல்ல. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பல நாட்கள் சிறிது சிறிதாக நீர் இறங்கி, கடைசி மழையில் விழுந்தவை.

ஒரு ஓடு உடைந்தால் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு லிட்டர். முப்பது அடிக்கு இருபது அடி கூரையின் பரப்பு ஏறக்குறைய 56 சதுர மீட்டர். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையில் விழுவது 2,800 லிட்டர். இந்த நீர் முழுவதும் ஓட்டுக்கு ஓடு கைமாறி இறவானம் வரை வர வேண்டும். இறவானத்துக்கு அருகில் உடைந்த ஒரு ஓட்டுக்கு மேலே பத்தடி நீளத்துக்கு ஓட்டு வரிசை இருக்குமானால், அந்த வரிசையில் விழும் சுமார் 30 லிட்டரும் அந்த உடைப்பின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அதாவது இரண்டு குடத்துக்கும் மேலான தண்ணீர், அதுவும் சுவரின் தலையில். முகட்டுக்கு அருகில் உடைந்த ஓட்டைவிடத் தாழ்வாரத்துக்கு அருகில் உடைந்த ஓடு அதிகக் கேடு செய்வதன் காரணம் இதுதான்.

ஓட்டு வீட்டைப் பார்க்கும் முறை

ஆண்டுக்கு இருமுறை கூரையைப் பார்வையிடுவது நல்லது. ஆடிக் காற்றுக்கு முன்பாக வைகாசியில் ஒருமுறை, அடைமழைக்கு முன்பாக ஆவணியில் ஒருமுறை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவதால், ஆவணியில் கண்டுபிடித்த பழுதைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும்.

பார்வையை வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கலாம். நண்பகலில் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை சற்று நின்று மேலே பார்க்க வேண்டும். வெளிச்சப் பொட்டு தெரியும் இடமெல்லாம் நீர் வரும் இடம் என்று கொள்ளலாம். அந்த இடங்களுக்கு நேர்கீழே தரையில் கரிக்கட்டியால் குறியிட்டு வைத்தால், ஆள் வரும்போது தேட வேண்டியதில்லை. சட்டங்களில் கருத்த கறை, சுவரில் பழுப்பு நிறத் தாரை, உப்புப் பூத்தல் ஆகியவை சென்ற ஆண்டு நீர் இறங்கிய தடங்கள். ஒழுகும் இடமும் கறை தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீர் சட்டத்தின் அடிப்பக்கமாக நான்கைந்து அடி ஓடி வந்து சொட்டும். ஆகவே கறைக்கு மேற்புறமாகச் சரிவின் வழியே தேட வேண்டும்.

வெளியில் மூன்று இடங்களை விடாமல் பார்க்க வேண்டும். முகட்டு ஓட்டின் சாந்து கோடை வெயிலில் வெடித்திருக்கிறதா என்பது ஒன்று. இரு சரிவுகள் கூடும் கூடுவாயில் வேப்பிலையும் புளிய இலையும் அடைந்திருக்கின்றனவா என்பது மற்றொன்று. வீட்டின் மொத்த நீரில் பெரும்பகுதி அந்தக் கால்வாய் வழியே போவதால், ஒரு கூடை சருகு போதும், நீர் எதிர்த்து ஏறி உள்ளே இறங்கும். மூன்றாவது, ஓடு சுவரோடு ஒட்டும் இடம்.

நாட்டு ஓடு உடைவதைவிட நழுவுவதே அதிகம். மலையடிவாரத்து ஊர்களில் குரங்கும், எல்லா ஊரிலும் பூனையும் அணிலும் அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நழுவியதை மேலேற்றி வைத்தால் போதும் என்று இருந்துவிடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்து, மண்ணும் சருகும் எலிக்கூடும் நீக்கி, திரும்ப வேய்வதே முறை.

சீமை ஓட்டில் வேறு ஒரு தொல்லை உண்டு. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலைக்குப் பிறகு பல கம்பெனிகள் இந்த ஓட்டைச் செய்தன. ஒரு கம்பெனி ஓட்டின் வரிப்பள்ளம் மற்றொரு கம்பெனி ஓட்டில் சரியாகப் பொருந்தாது. எனவே புதிய ஓடு வாங்கப் போகும்போது வீட்டு ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, வாய் சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும். ஊரில் பழைய வீடு பிரிக்கும்போது அதே முத்திரை ஓடு கிடைத்தால் ஐம்பது ஓடாவது வாங்கித் திண்ணை ஓரத்தில் அடுக்கி வைப்பது புத்திசாலித்தனம். கீறல் விட்ட ஓட்டில் சிமெண்டைப் பூசுவது வீண் வேலை. ஒரு கோடை வெயில் தாங்காது.

மரமும் கறையானும்

ஓடு நேராக இருந்தும் ஒழுகினால் மரத்தைப் பார்க்க வேண்டும். தெருவில் நின்று முகட்டுக் கோட்டைப் பார்த்தால், நடுவில் தொய்வு விழுந்திருப்பது தெரியும். உத்தரமும் கைமரமும் சுவருக்குள் புதையும் முனைதான் முதலில் உளுக்கும். அந்த இடத்தில் கூரான ஆணியாலோ திருப்புளியாலோ குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரத்தில் ஆணி அரை அங்குலம் தானாக இறங்கும். விரலால் தட்டினால் பொந்துச் சத்தமும் கேட்கும்.

கறையான் சுவர் வழியே மண் குழாய் கட்டிக்கொண்டுதான் மேலேறுகிறது. மாதம் ஒருமுறை சுவரைச் சுற்றி வந்து அந்தக் குழாயைச் சுரண்டிவிட வேண்டும். மூன்று நாளில் மறுபடியும் கட்டியிருந்தால் கீழே புற்று உயிரோடு இருக்கிறது என்று பொருள். சுவரை ஒட்டி விறகும் சோளத்தட்டையும் அடுக்குவது கறையானுக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். புதிதாக மரம் மாற்றும்போது சுவருக்குள் போகும் முனைகளுக்குத் தாரோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ இரு முறை பூசிக் காயவிட்ட பின் ஏற்ற வேண்டும். முன்பு பி.எச்.சி. தூளையும் ஆல்ட்ரினையும் வீட்டுக்குள் தூவிய காலம் உண்டு. இரண்டும் தடை செய்யப்பட்டு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பயிருக்கு வாங்கி மீந்த மருந்தைக் கூரை மரத்துக்கு அடிப்பதும் தவறு. அதன் கீழேதான் குழந்தைகள் படுக்கிறார்கள், சோறு ஆக்குகிறார்கள்.

காற்று மேலே தூக்கும்

காற்று கூரையை அழுத்துவதாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கூரைக்கு மேல் விரைந்து செல்லும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. வாசல் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தூக்குகிறது. முதலில் பறப்பவை இறவானமும் மூலைகளுமே. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யத்துக்கு அருகில் கரையேறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சிதைத்துவிட்டு, திண்டுக்கல் வழியாக மேற்கே சென்றது. லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. அவற்றில் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் மிகுதி. கடலுக்கு வெகு தொலைவில் இருக்கிறோம் என்று மதுரைச் சீமையில் நிம்மதியாக இருந்துவிடுவதற்கில்லை. எழுமலைப் பக்கத்துக்குப் புயல் வராவிட்டாலும் ஆடிக் காற்றும், சித்திரையில் கோடை மழையோடு வரும் சூறையும் உண்டு.

இதற்குச் செலவு அதிகமில்லை. கைமரத்தைச் சுவரின் மேலுள்ள சட்டத்தோடு துருப்பிடிக்காத கம்பியால் இறுகக் கட்ட வேண்டும். சீமை ஓட்டின் அடிப்பக்கம் கம்பி கோப்பதற்கென்றே துளையிட்ட காது ஒன்று இருக்கும். பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இறவானத்து இரண்டு வரிசைகளையும் ஓரத்து வரிசைகளையுமாவது அந்தத் துளையில் கம்பி கோத்து வரிச்சோடு முறுக்கிவிட வேண்டும். வீட்டின் மேல் சாயும் முருங்கை, புளியங் கிளைகளை வைகாசியிலேயே கழித்துவிட வேண்டும்.

கூரைத் தகடு பறக்காமலிருக்கக் கல்லைத் தூக்கி வைக்கும் வழக்கம் மாட்டுக்கொட்டகைகளில் பரவலாக இருக்கிறது. சூறையில் தகடும் பறக்கும், கல்லும் விழும். தகட்டை அலையின் மேட்டில் துளையிட்டு, வளைந்த கொக்கி ஆணியும் தார் வாஷரும் போட்டு முடுக்குவதே சரி. ஆண்டுக்கு ஒருமுறை வாஷர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் ஒருபோதும் நேராகக் கால் வைக்கலாகாது. ஆள் பாரத்தில் சட்டென்று உடையும். பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். அந்தத் தகட்டை அறுப்பதும் தேய்ப்பதும் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கீற்று வேய்ந்த கூரைக்குச் சரிவு நன்றாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். சரிவு குறைந்தால் நீர் தங்கி அழுகும். கறுத்து நொறுங்கும் கீற்றுக்கு மேல் புதுக் கீற்றைப் போடுவது பாரத்தைக் கூட்டுமே தவிர ஒழுக்கை நிறுத்தாது. தீயும் ஒரு கவலை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டதை நாடு மறக்கவில்லை. அடுப்புக்கு மேலே கீற்று இருக்கும் வீடுகளில் அந்தப் பகுதிக்காவது தகடு போட வேண்டும்; வைக்கோல் படப்பைத் தள்ளிப் போட வேண்டும்.

மெத்தை வீட்டிலும் வேலை உண்டு

கான்கிரீட் போட்டாகிவிட்டது, இனிக் கவலை இல்லை என்ற எண்ணம்தான் அந்த வீடுகளைக் கெடுக்கிறது. மொட்டைமாடியில் நீர் தேங்கலாகாது. பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற அளவில் வாட்டம் இருந்தால் நீர் தூம்பை நோக்கி ஓடிவிடும். தூம்பு வாயில் அடைந்த சருகையும் கந்தலையும் ஆவணியில் ஒருமுறை, பருவமழையின் நடுவில் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலையாக இருக்கும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். வேர் மட்டும் பருத்துக்கொண்டே போகும்.

உட்பக்கக் கூரையில் கம்பி ஓடும் கோட்டில் வெடிப்பும் செந்துருக் கறையும் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. அதன் மேல் சிமெண்டு பூசி வெள்ளையடிப்பது புண்ணை மூடிக் கட்டுவது போன்றது. பொரிந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித்தூரிகையால் பளபளப்பாகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, ஒன்றுக்கு மூன்று சாந்தால் மூடி, ஏழு நாட்களாவது நனைக்க வேண்டும். கம்பி பாதியளவு மெலிந்திருந்தால் கொத்தனாரோடு நிற்காமல் பொறியாளரைக் காட்ட வேண்டும். அரசுத் திட்டங்களில் 2000-01க்கு முன்பு கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தமிழக அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அத்தகைய வீடு வைத்திருப்போர் தங்களுக்கு உதவி உண்டா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறியலாம்.

எந்தக் கூரையானாலும் தனியாக ஏறக் கூடாது. பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஏணியின் கால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஊன்றியிருக்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இறவானத்தை ஒட்டி மின்கம்பி வந்தால் மின்வாரிய ஊழியரை அழைத்து இணைப்பை நிறுத்திய பிறகே ஏற வேண்டும்.

இவ்வளவும் செய்தும், அல்லது செய்யத் தவறியும், மழையில் ஒழுகத் தொடங்கினால் ஏணியைத் தொட வேண்டாம். உள்ளிருந்தே ஒழுகும் ஓட்டுக்கும் வரிச்சுக்கும் இடையில் தகரத் துண்டைச் செருகி நீரை அடுத்த ஓட்டுக்குத் திருப்பிவிடலாம். விதை மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும். சொட்டும் இடத்தில் மின்விளக்கு இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மண்சுவரின் அடி பிதுங்குவதோ, மேலே புதிய வெடிப்போ, மண் பொலபொலவென்று உதிர்வதோ தெரிந்தால் அன்றிரவு அந்த வீட்டில் யாரும் படுக்கக் கூடாது. ஆடு மாடுகளையும் அவிழ்த்து வெளியே கட்ட வேண்டும். மழை விட்டதும் திரும்பி விடவும் வேண்டாம். ஊறிய சுவர் வெயில் அடித்துக் காயும்போதும் விழுவது உண்டு.