பாய்மரத்தை எங்கே சாய்ப்பது?

நெய்வேலி டவுன்ஷிப்

அன்புள்ள தம்பி,

முட்டுக்காட்டிலிருந்து மரக்காணம் வரை பக்கிங்ஹாம் கால்வாயில் பாய் விரித்துப் போகும் உன் திட்டத்தைப் படித்தேன். காற்று, சாப்பாடு, இரவுத் தங்கல் எல்லாம் எழுதியிருக்கிறாய். பாலங்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நானாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. மழைத் தண்ணீர் வற்றியிருக்காது, வாடைக்காற்று முதுகில் இருக்கும். முகத்துவாரங்களும் பெரும்பாலும் திறந்திருக்கும். கோடையில் மணல் மூடிவிட்டால் உள்ளே ஓதமே ஏறாது. அப்போது நீர்மட்டக் கணக்கே வேறு.

பாலத்துக்கு வா. உன்னுடையதுபோன்ற சிறு படகிலேயே பாய்மர உச்சி தண்ணீரிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். படகுப் போக்குவரத்து ஓய்ந்த பிறகு வந்த பல பாலங்களைப் பார்த்தால், படகை நினைத்துக் கட்டியதாகத் தெரியவில்லை. முதலில் இருசக்கர வண்டியில் போய் ஒவ்வொரு பாலத்தையும் அள. கைப்பிடிச் சுவரிலிருந்து கல் கட்டிய கயிற்றை இறக்கித் தண்ணீர் வரை எடு. சுவரும் தளமும் உத்தரமும் சேர்ந்த கனத்தைக் கழி. அடியில் குடிநீர்க் குழாயோ கேபிளோ தொங்கினால் அதுதான் உன் உயரம். அளந்த தேதியும் நேரமும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண் எதற்கும் உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்தக் கரையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணை நேரம் உள்ளே பொருந்தாது. முகத்துவாரத்தை விட்டு விலக விலக ஏற்றம் தாமதமாகவும் குறைவாகவும் வந்துசேரும்.

இடைஞ்சல் என்னவென்றால், பாலத்துக்கு வற்றம் வேண்டும், படகின் அடிக்கு ஏற்றம் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. என் முடிவு இது: ஏற்றத்தை எடுத்துக்கொள், பாய்மரத்தைக் கழற்றிவிடு. சேற்றில் புதைந்த படகை இழுப்பதைவிட மரத்தைக் கழற்றுவது எளிது. பாலத்துக்கு நூறு மீட்டர் முன்பே கரையில் கட்டி, பாயை இறக்கி, மரத்தை நீளவாக்கில் கிடத்திவிட்டுக் கோல் போட்டுப் போ. தூண்களுக்கு நடுவே தண்ணீர் இறுகி வேகமாக ஓடும். ஓட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது நுழையாதே. எதிர்த்து வந்தால், நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

கோல் போடுவதைக் குறைவாக நினைக்காதே. கரையில் கயிறு பிடித்து ஆட்கள் இழுத்தும், கோல் ஊன்றியும்தான் இந்தக் கால்வாயில் உப்பும் விறகும் சென்னைக்குப் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு, 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினி மக்கள் வெட்டியது. அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு நீ கால்வாயில் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாரதிதாசன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாகவே எழுதினார். இன்று சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே நிற்கின்றன. அதனால்தான் உன்னை முட்டுக்காட்டில் தொடங்கச் சொன்னேன். 2008-இல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இல் சேர்த்தார்கள். பெயரை நம்பி ஆழத்தை நம்பாதே.

பாலத்தைவிட எனக்குப் பயம் மின்கம்பிதான். பாலத்தில் இடித்தால் மரம் உடையும். அலுமினியப் பாய்மரம் கம்பியைத் தொட்டால் ஆள் போய்விடுவான். உயர் அழுத்தக் கம்பியில் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே போதும். அனல்மின் நிலையத்துக் கம்பிகளுக்குக் கீழே சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன் நீ, உனக்கு இது புரியும். வெயிலிலும் மின்சுமையிலும் கம்பி சூடேறி நீண்டு தொய்யும். காலையில் பார்த்த உயரம் மதியம் இருக்காது. ஆகவே கம்பி உயரத்தை நீ அளக்கவே முயலாதே. கால்வாயைக் கம்பி கடக்கும் இடங்களைக் குறித்துக்கொள். அங்கெல்லாம் மரம் கீழே. சந்தேகமே வேண்டாம்.

கல்பாக்கத்தில் கால்வாய் அணுமின் வளாகத்தை ஒட்டிப் போகிறது. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் அந்தப் பக்கம் படகைக் கொண்டுபோகாதே. பாலாற்றுக் கழிமுகத்தில் மணல் திட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடலூர்ச் சின்னக்குப்பத்து மீனவர்களிடம் வழி கேட்டுவிட்டுக் கட.

பாலங்களின் அளவையும் கம்பி கடக்கும் இடங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுத் தேதி சொல்கிறேன். மரக்காணத்தில் படகை ஏற்ற வண்டி என் பொறுப்பு.

அன்புடன்,
உன் மாமா